ராணிக்கு முதுகுத் துடுப்பு நீளம்

"மாமா, ராணி வாயில நுரை தள்ளுது. செத்துருமா?"

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஏற்காட்டிலிருந்து போன். அக்கா மகள், பத்து வயது. அழுகை தொண்டை வரை வந்து நிற்கிறது. நான் பட்டறைக்குக் கிளம்பி ஒரு கால் செருப்பை மட்டும் மாட்டியிருந்தேன்.

"நுரை எங்க கண்ணு இருக்கு? வாயிலயா, தண்ணி மேலயா?"

"தண்ணி மேல. மூலையில. ஜவ்வரிசி மாதிரி குட்டிக் குட்டியா ஒட்டிக்கிட்டு நிக்குது. ராணி அதுக்குக் கீழயே காவல் நிக்குது மாமா. ராஜா கிட்ட வந்தா கொத்தித் துரத்துது."

சேலம் ஜில்லாப் பிள்ளைக்கு உருண்டையாக எதைப் பார்த்தாலும் ஜவ்வரிசிதான். இருக்கட்டும். அவள் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. மீன் கூடு கட்டுகிறது. குராமி என்ற இந்தத் தொட்டி மீனில் நுரைக்கூடு கட்டுவதும் அதன் கீழே காவல் நிற்பதும் ஆணின் வேலை. 'இதோ பாரு, இது ராஜா, இது ராணி' என்று ஆவணி மாதம் அவள் பிறந்தநாளுக்கு நானே தொட்டியோடு கொண்டுபோய்க் கொடுத்து, பெயரும் வைத்து, அக்கா வீட்டுக்காரருக்கு அரை மணி நேரம் பாடம் வேறு எடுத்துவிட்டு வந்தேனே, அந்த ராணி ஆண்.

"சாகாது கண்ணு, நல்லாத்தான் இருக்கு. மாமா சாயங்காலம் கூப்பிடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். உண்மையைச் சொல்லத் தைரியம் வர அரை நாள் ஆனது.

என் தொழில் வெள்ளிக் கொலுசு. சேலம் சிவதாபுரத்தில் சின்னப் பட்டறை, அப்பா காலத்திலிருந்து நடக்கிறது. சரக்கு செவ்வாய்ப்பேட்டைக்குப் போகும். மீன் வளர்ப்பு பதினாலு வருஷப் பழக்கம். வீட்டில் மூன்று கண்ணாடித் தொட்டி, மாடியில் இரண்டு சிமெண்ட் தொட்டி. குராமியைப் பிடித்துப்போனதற்குக் காரணம் கரண்ட் வெட்டு. 2012ல் பாதி நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது மோட்டார் நின்று நின்று என் தங்கமீன்கள் ஒவ்வொன்றாக மிதந்தன. அதே தொட்டியில் இருந்த இரண்டு குராமி மட்டும் அசரவில்லை. மேலே வரும், ஒரு வாய் காற்றை விழுங்கும், கீழே போகும். செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு இருக்கிறது அதற்கு. விழுங்கிய காற்றிலிருந்து நேராக ரத்தத்துக்கு ஆக்ஸிஜன் போய்விடும். நம் ஊர் பனையேறிக் கெண்டைக்கும் இதே ஏற்பாடுதான். 1791ல் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களிடம் வேலை பார்த்த டால்டார்ஃப் என்பவர், பனைமரத்தில் இருந்த ஈரப் பொந்திலிருந்து அந்த மீனைப் பிடித்ததாக எழுதி வைத்திருக்கிறார். உண்மையில் ஏறியதா, காக்காய் கொண்டுபோய்ப் போட்டதா என்று இன்னமும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பெயர் மட்டும் பனையேறி என்று நின்றுவிட்டது.

கடைகளில் கௌராமி என்பார்கள், கோராமி என்பார்கள். ஜாவாக்காரர்கள் வாயில் அது குராமி. நானும் அப்படியே எழுதுகிறேன்.

சரி, பதினாலு வருஷம் வளர்த்தவன் ஆணைப் பெண் என்று எப்படிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்? கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சொல்லிவிடலாம். அக்கா வீட்டில் முதலில் அப்படித்தான் சொன்னேன். ஆனால் நடந்தது வேறு. "ஜோடியாக் குடுங்கண்ணா" என்று நான் கேட்க, கடையில் கூட்டமாக இருந்ததால் அவர் வலையை என் கையிலேயே கொடுத்துவிட்டார். "உங்களுக்குத் தெரியாததாங்க, பாத்து நீங்களே எடுத்துக்கங்க."

அங்கேதான் என் தொழில் காலை வாரிவிட்டது. கொலுசில் ஜோடி என்றால் இரண்டும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். நீளம் ஒன்று, முத்து எண்ணிக்கை ஒன்று, எடை ஒன்று. அரை கிராம் ஏறினாலும் வியாபாரி தராசைப் பார்ப்பார், பிறகு நம் முகத்தைப் பார்ப்பார். குவியலாகக் கிடக்கும் முப்பது கொலுசிலிருந்து ஒன்றுக்கொன்று பொருந்தும் இரண்டைக் கண் தானாகப் பொறுக்கும். இருபது வருஷமாக அதே வேலை. அன்றைக்கும் தொட்டியில் முப்பது நீலக் குராமி இருந்திருக்கும். வலையை விட்டு, ஒரே நீளம், ஒரே நீலம், ஒரே மாதிரி அழகாகப் பின்னோக்கிச் சீவிய முதுகுத் துடுப்பு உள்ள இரண்டைப் பொறுக்கி எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்து 'என்ன ஒரு ஜோடி' என்று நானே மெச்சிக்கொண்டேன். மீனில் ஜோடி என்றால் இரண்டும் வேறு மாதிரி இருக்க வேண்டும் என்பது அப்போது மூளையில் இல்லை. இரண்டில் வயிறு சற்றுத் தடித்ததற்கு ராணி என்று பெயர் வைத்தேன். அது தடித்திருந்ததற்குக் காரணம், தொட்டியில் அதுதான் ரவுடி. தீனி போட்டால் முக்கால்வாசி அது தின்றுவிடும்.

இனி நான் பார்த்திருக்க வேண்டியதைச் சொல்கிறேன்.

நீலக் குராமியை மூன்று புள்ளிக் குராமி என்றும் சொல்வார்கள். உடம்பின் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி, வால் ஆரம்பிக்கும் இடத்தில் ஒன்று. மூன்றாவது எங்கே என்று தேட வேண்டாம், கண்ணைத்தான் சேர்த்துக்கொண்டார்கள். கோல்டு குராமி, ஓபலைன் குராமி, மார்பிள் குராமி என்று கடையில் தனித்தனி விலை எழுதி வைத்திருந்தாலும் எல்லாம் இதே இனம்தான். வளர்ப்பில் நிறம் பிரித்தது. அதனால் அடையாளமும் ஒன்றேதான்: முதுகுத் துடுப்பு.

ஆணுக்கு அந்தத் துடுப்பு பின்பக்கம் போகப் போக நீண்டு கூராக முடியும். அந்தக் கூர் வால் துடுப்பின் அடியைத் தொடும், சிலதுக்குத் தாண்டியும் போகும். பெண்ணுக்குக் குட்டையாக, நுனி உருண்டு முடியும். வால் வரை எட்டாது, நடுவில் வெற்று முதுகு தெரியும். எங்கள் பாஷையில் சொன்னால், ஆணுடையது அரத்தால் தேய்த்துக் கூராக்கிய தகடு, பெண்ணுடையது முனை மழுக்கிய தகடு. ஒருமுறை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. கீழ்த் துடுப்பின் பின் ஓரமும் ஆணுக்குச் சற்றுக் கூராக இழுபட்டிருக்கும், ஆனால் அதை மட்டும் நம்பி நான் முடிவு சொல்வதில்லை.

இதில் சிக்கல், துடுப்பு விரிந்து நிற்கும்போதுதான் தெரியும். தொட்டிக்கு முன்னால் போய் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றால் மீன் பயந்து துடுப்பை ஒட்ட மடக்கிவிடும். எல்லாமே பெண்ணாகத் தெரியும். நான் செய்வது இதுதான்: நாலடி தள்ளி நின்று, கடைக்காரரிடம் வேறு ஏதாவது பேசிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்ப்பேன். இரண்டு மீன் எதிரெதிரே வந்து முறைத்துக்கொள்ளும் நொடியில் துடுப்பு முழுக்க விரியும். அப்போது போனில் பக்கவாட்டில் ஒரு படம். பெரிதாக்கிப் பார்த்தால் முடிந்தது. கூட்டமான தொட்டியில் துடுப்பு கடிபட்டும் இருக்கும். நுனி பிய்ந்த ஆண் குட்டைத் துடுப்புப் பெண்ணாகத் தெரியும். ஓரம் நெளிநெளியாக, சீரில்லாமல் இருந்தால் அந்த மீனைப் பற்றி எந்த முடிவும் எடுக்காதீர்கள். பெண்ணின் உருண்டை நுனி சீராக, வழவழப்பாக இருக்கும்.

இன்னொன்று, வயசு. ஒன்றரை இஞ்சுக் குஞ்சுகளைக் காட்டி 'இது ஆண், இது பெண்' என்று யாராவது அடித்துச் சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். இரண்டரை, மூன்று இஞ்ச் ஆன பிறகுதான் துடுப்பு பேச ஆரம்பிக்கும். கடைக்கு வருவதில் பெரும்பாலும் குஞ்சுதான். சென்னை கொளத்தூர்ப் பக்கமிருந்து பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். அதில் ஜோடி வேண்டுமென்றால் ஐந்தாறு குஞ்சு வாங்கி வளர்த்து, பெரிதானதும் பிரித்துக்கொள்வதுதான் வழி. மிச்சத்தைக் கடையிலேயே திருப்பி எடுத்துக்கொள்கிறார்கள், பாதி விலைக்கு.

வயிற்றைப் பார்த்து முடிவு செய்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். முட்டை நிறைந்த பெண்ணுக்கு வயிறு உருளும், உண்மைதான். ஆனால் தின்ற ஆணுக்கும் உருளும். அதைவிட மோசம், நோய் வந்தாலும் உருளும். சில வருஷம் முன்னால் என் தொட்டியில் ஒரு கோல்டு குராமிக்கு வயிறு ஊதியது. வீட்டில் எல்லாரிடமும் 'சினையா இருக்கு' என்று சொல்லிவிட்டேன். அம்மா அதற்குத் தினமும் கூட ஒரு சிட்டிகை தீனி போட்டார். நாலாம் நாள் மேலிருந்து பார்த்தால் செதில்கள் ஒவ்வொன்றும் தூக்கிக்கொண்டு, சீத்தாப்பழத் தோல் மாதிரி நிற்கின்றன. நீர்க்கோவை. உடம்புக்குள் நீர் கோத்துக்கொள்ளும். அந்த நிலைக்கு வந்துவிட்டால் மீளுவது அரிது. மறுநாள் போய்விட்டது. அம்மா மாமரத்தடியில் குழி தோண்டச் சொல்லி, "பாவம், புள்ளத்தாச்சி" என்று மூன்று தடவை சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. வயிறு ஊதினால் முதலில் மேலிருந்து செதிலைப் பாருங்கள், அதற்குள் சீமந்தம் வைத்துவிடாதீர்கள்.

நிறம்? அதைத்தான் ஏற்காடு எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

சேலத்தில் குராமி வளர்க்கிறவனுக்குத் தண்ணீர்ச் சூடு பற்றிக் கவலையே கிடையாது. மார்கழியில்கூடத் தொட்டி 24 டிகிரிக்குக் கீழே போனதாக எனக்கு ஞாபகமில்லை. சித்திரையில் மாடித் தொட்டிக்குக் கீற்றுப் போட்டு மூட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். அதே நினைப்பில் ஏற்காட்டுக்கும் ஹீட்டர் இல்லாமல் தொட்டியைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். அக்கா வீடு எஸ்டேட் குடியிருப்பில், சுற்றிக் காபியும் சில்வர் ஓக்கும். வெயில் ஒன்பது மணிக்குமேல்தான் எட்டிப் பார்க்கும். டிசம்பரில் அக்கா போன் செய்தாள். "டேய், உன் மீனு ரெண்டும் வெளுத்துப் போச்சு. அடியில போயி மல்லாந்த மாதிரி கெடக்குது. தின்ன மாட்டேங்குது."

அந்த வாரமே ஏறிப்போனேன். தெர்மாமீட்டர் போட்டால் 17. இந்த மீனுக்கு 24க்கு மேலே இருந்தால்தான் சௌகரியம். ராஜாவும் ராணியும் நீலமெல்லாம் போய்ச் சாம்பல் கரைத்த நிறத்தில், துடுப்புகளை ஒட்ட மடக்கிக்கொண்டு கிடந்தன. கறுப்புப் புள்ளிகூட மங்கிவிட்டது. அந்த நிலையில் எதைக் காட்டி யார் கேட்டாலும் பெண் என்றுதான் சொல்லியிருப்பேன். பயம், குளிர், பசி, தோற்றுப்போனது, எது வந்தாலும் குராமி முதலில் கைவிடுவது நிறத்தை. நூறு வாட் ஹீட்டர் மாட்டி 26ல் வைத்தேன். மேலே கண்ணாடி மூடி. மூடி அவசியம். இந்த மீன் மேலே வந்து காற்றை விழுங்குகிறது இல்லையா, தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்து மேலே காற்று ஐஸாக இருந்தால் அந்த உறுப்புக்கு ஆகாது. அக்கா வீட்டுக்காரர் ஹீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "மனுசன் குளிக்கவே வெறகுலதான் தண்ணி காயுது, மீனுக்குக் கரண்ட்டுல வெந்நியா?" என்றார். நியாயமான கேள்விதான். அந்த மாச பில்லுக்கு நான் பணம் அனுப்பினேன், அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

சூடு ஏறியதும் நிறம் வந்தது, பசி வந்தது, மூன்றாவது வாரம் நுரையும் வந்தது. அதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை போன்.

சாயங்காலம் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். "கண்ணு, மாமா தப்பாச் சொல்லிட்டேன். ராணி ஆம்பள மீனு. ரெண்டுமே ஆம்பள." கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "அப்ப அது பேரு?" என்றாள். வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம் என்றேன். "வேணாம் மாமா, அதுக்குப் பழகிருச்சு" என்று முடித்துவிட்டாள். ஆகவே இனிமேல் இந்தப் பதிவில் ராணி என்று வந்தால் அவன் என்று படித்துக்கொள்ளுங்கள்.

ஆணையும் பெண்ணையும் பிரிக்கத் தெரியாமல் போனதில் எனக்கு ஓர் ஆறுதல் உண்டு. கங்கை மீன்களைப் பற்றி 1822ல் புத்தகம் போட்ட பிரான்சிஸ் ஹாமில்டன், தேன் குராமியின் ஆணையும் பெண்ணையும் பார்த்து இரண்டு தனி இனம் என்றே எழுதிவிட்டார். ஒன்றுக்குச் சுனா என்று பெயர், இன்னொன்றுக்குச் சோட்டா. பிற்பாடுதான் இரண்டும் புருஷன் பெண்டாட்டி என்று தெரிந்து, சுனா பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அவர் தப்புச் செய்யாமல் இருக்கவும் வழியில்லை. இனப்பெருக்கக் காலத்தில் அந்த ஆணைப் பார்க்க வேண்டும்: உடம்பு பாகு பதத்து வெல்லம்போல, முகத்திலிருந்து அடிவயிறு வரை கருநீலம் பூசினாற்போல. பெண் வெளிறிய பழுப்பு, பக்கத்தில் கண்ணிலிருந்து வால்வரை ஒரு மண்நிறக் கோடு. ஆனால் சாதாரண நாளில், முக்கியமாகக் கடையின் வெற்றுத் தொட்டியில், ஆணும் அதே வெளிறிய பழுப்பில்தான் நிற்பான். தேன் குராமியைக் கடையில் பிரிக்க முயன்று நான் ஜெயித்ததில்லை.

அதே ஹாமில்டன் அதே புத்தகத்தில் எழுதியதுதான் குட்டைக் குராமி, கடையில் டுவார்ஃப் என்பார்கள். கங்கை, பிரம்மபுத்திரா தண்ணீரில் வாழ்வது, நம் நாட்டு மீன். இதில் குழப்பமே கிடையாது. சிவப்பும் நீலமும் சாய்வுப் பட்டைகளாக மின்னுவது ஆண். வெள்ளி நிறத்தில் மங்கலாக, லேசான கோடுகளோடு இருப்பது பெண். குழப்பம் வேறு இடத்தில்: பெண் கடைக்கு வருவதே இல்லை. மங்கலான மீனை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று பண்ணையிலேயே நிறுத்திவிடுகிறார்கள். தொட்டியில் இருபது நின்றால் இருபதும் ஆணாகவே இருக்கும். ஜோடி என்று கொடுக்கும்போது இரண்டும் பளபளவென்று இருந்தால், ஆவணி மாதம் நான் செய்த வேலையை நீங்களும் செய்கிறீர்கள்.

முத்துக் குராமி எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. உடம்பு முழுக்க வெள்ளை முத்து அடித்தாற்போல, நடுவில் மூக்கிலிருந்து வாலுக்கு ஒரு கறுப்புக் கோடு. வெள்ளி வேலைக்காரனுக்கு அதைப் பிடிக்காமல் இருக்காது. வளர்ந்த ஆணுக்குத் தொண்டையும் மார்பும் ஆரஞ்சு கலந்த சிவப்பாகும், வெற்றிலை போட்டுச் சாறு வழிந்த மாதிரி. கீழ்த் துடுப்பின் ஓரக் கதிர்கள் நூல் நூலாக நீளும். பெண்ணுக்குத் தொண்டை வெள்ளையாகவே நிற்கும். அந்தச் சிவப்பு சின்ன வயதில் இருக்காது, சண்டை போட்டு ஒதுங்கிய ஆணுக்கு வெளுத்தும் போகும். அதனால் இங்கேயும் துடுப்பைப் பார்த்த பிறகே நிறத்தைப் பார்ப்பேன். நிலாக் குராமி என்று வெள்ளித் தகடாக ஒன்று வரும். அதற்கு வயிற்றடியில் தொங்கும் மீசை போன்ற இரண்டு நூல் துடுப்பு ஆணுக்கு ஆரஞ்சோ சிவப்போ, பெண்ணுக்கு நிறமில்லாமலோ லேசான மஞ்சளாகவோ இருக்கும். முத்தக் குராமியை விட்டுவிடுங்கள். வெளியிலிருந்து பார்த்து யாரும் சொல்ல முடியாது. இரண்டு வாயோடு வாய் வைப்பதைப் பார்த்துக் காதல் ஜோடி என்று கல்யாணப் பரிசாக வாங்குகிறார்கள். பெரும்பாலும் அது பலப்பரீட்சை, இரண்டு ஆண் தள்ளிக்கொள்வது.

கதைக்கு வருகிறேன். ராணிக்குப் பெண் பார்க்கும் பொறுப்பு தாய்மாமன் தலையில் விழுந்தது.

இந்தத் தடவை கடைக்கு மூன்று முறை போனேன். முதல் இரண்டு முறை வாங்கவில்லை, பார்த்துவிட்டு மட்டும் வந்தேன். மூன்றாம் முறை மூன்றேகால் இஞ்சில் இரண்டு பெண்ணை எடுத்தேன். ஆளுக்கொரு படம், பெரிதாக்கி, துடுப்பு நுனி உருண்டையா, ஓரம் சீரா, வால் அடி வரை எட்டுகிறதா என்று, சரக்கு எடை போடும்போதுகூட நான் அவ்வளவு பார்த்ததில்லை. இரண்டு எதற்கென்றால், கூடு கட்டின ஆண் ஒரே பெண் இருந்தால் அதையே துரத்தித் துரத்திக் கொன்றுவிடும். இரண்டு இருந்தால் அடி பங்காகும். பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மிச்சம் காற்று. துணிப்பையில் செய்தித்தாள் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஏற்காடு பஸ். இருபது கொண்டை ஊசி வளைவிலும் பை ஒரு பக்கம் சாய, நான் எதிர்ப்பக்கம் சாய்த்துப் பிடிக்க, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியம்மா "கொழம்பா தம்பி?" என்று கேட்டார்.

முதலில் ராஜாவைப் பிடித்து அதே பையில் போட்டுத் தனியே வைத்தேன், அவன் சேலத்துக்கு. தண்ணீரை அரையடி உயரத்துக்குக் குறைத்தோம். ஓடையோரம் பிடுங்கிய செடியெல்லாம் வேண்டாம் என்று, சேலத்திலிருந்தே கொண்டுபோன பாசிச்செடியைக் கட்டுக்கட்டாக ஒரு பக்கம் போட்டோம், பெண்கள் ஒளிந்துகொள்ள. மோட்டாரை மெதுவாக வைத்தோம், நுரை கலையாமல் இருக்க.

ஆறாம் நாள் நடந்ததை நான் பார்க்கவில்லை, அவள்தான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்துச் சொன்னாள். ராணி ஒரு பெண்ணைக் கூட்டுக்கு அடியில் கூட்டி வந்து, உடம்பை வளைத்துக் கட்டிப் பிடித்து, அப்படியே புரட்டிப் போட்டதாம். ரவை மாதிரி ஏதோ மேலே மிதந்து போனதாம். போகாமல் சிதறினதை ராணி வாயில் பொறுக்கிக் கொண்டுபோய் நுரையில் ஒட்டியதாம். குராமி முட்டையில் எண்ணெய் இருப்பதால் தானே மிதக்கும். ஒரு தடவைக்கு நூற்றுக்கணக்கில் போடும், பெரிய மீனானால் ஆயிரத்தையும் தாண்டும். உடனே இரண்டு பெண்ணையும் எடுத்துப் பக்கெட்டில் விடச் சொன்னேன். இல்லாவிட்டால் முட்டையைக் காக்கிறேன் பேர்வழி என்று ராணி அவர்களைக் கிழித்துவிடும். ஒன்றுக்கு ஏற்கெனவே வால் ஓரம் பிய்ந்திருந்தது.

மறுநாள் சாயங்காலம் பொரித்துவிட்டது. அடுத்த மூன்று நாளில் குஞ்சு கூட்டைவிட்டு நீந்த ஆரம்பித்ததும் ராணியையும் எடுத்தாகிவிட்டது. கஷ்டம் அதற்குப் பிறகுதான். கண்ணிமை மயிர் துண்டுபோல இருக்கிற அதற்கு எந்தத் தீனியும் வாயில் நுழையாது. வாழைப்பழத் தோலை ஜாடித் தண்ணீரில் ஊறப்போட்டு, முதலில் நாறி, பிறகு தெளியும் நேரத்தில் அதில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி பெருகும். இன்ஃபுசோரியா என்பார்கள். அதைச் சொட்டுச் சொட்டாக ஊற்ற வேண்டும். அக்கா அந்த ஜாடியைச் சமையலறை ஜன்னலிலிருந்து மாட்டுக்கொட்டகைக்கு மாற்றினாள். முதல் வாரத்தில் பாதி போனது. மூன்றாம் வாரம், மேலே வந்து காற்றை விழுங்கும் உறுப்பு உருவாகும் நேரம், யாரோ மூடியைத் திறந்து வைத்துவிட்டு ஒரு ராத்திரி பனியடித்ததில் இன்னும் கொஞ்சம் போனது. யார் என்று விசாரிக்கவில்லை. வைகாசியில் எண்ணினபோது இருபத்திமூன்று தேறின.

போன வாரம் அவள் இருபத்திமூன்றுக்கும் தனித்தனியாகப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள், எல்லாம் பக்கவாட்டில், கலங்கல் இல்லாமல். 'எது எது பொண்ணு மாமா?' ஒன்றரை இஞ்ச்கூட ஆகவில்லை. தீபாவளிக்குக் கேள் என்று பதில் போட்டேன்.

ராஜா இப்போது பட்டறையில், தராசு மேஜைக்குப் பக்கத்துத் தொட்டியில் இருக்கிறான். துணைக்கு ஆளில்லை. பாலிஷ் போட்டு அடுக்கிய கொலுசு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மின்னும்போது, இன்னோர் ஆண் வந்துவிட்டதாக நினைத்துக்கொள்வான்போல, முதுகுத் துடுப்பை முழுசாக விரித்துக்கொண்டு வருகிறான். வியாபாரி வந்தால் எடை போடுவதற்கு முன்னால் அதைத்தான் காட்டுகிறேன்.